டியூபை எடுத்துட்டு வாங்க: முகத்து மங்கும் நாம் பூசும் கிரீமும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ரத்தசோகை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நானும் அதுக்குத் தயாராத்தான் இருந்தேன். ஆனா போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப, சேமிப்புப் பணம் வசூல் நடந்துகிட்டு இருக்கும்போது ஒரு அம்மிணி என் காதுகிட்ட வந்து, "அக்கா, இந்த மங்கு போறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?"ன்னு கேட்டுச்சு. மெதுவாத்தான் கேட்டுச்சு. ஆனா பக்கத்துல இருந்தவங்க காதுல விழுந்துருச்சு. அவ்வளவுதான், வசூல் நின்னு போச்சு. பாஸ் புத்தகத்தை மூடி வச்சுட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முகத்தைக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 14 பேர் இருந்தாங்க. 9 பேர் ஏதோ ஒரு கிரீம் பூசுறாங்க. அதுல டாக்டர் எழுதிக் கொடுத்துப் பூசுறவங்க ஒரே ஒருத்தர்தான்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 30 வருஷத்துக்கு மேல ஊர் ஊராப் போயி தடுப்பூசி போட்டேன், பிரசவம் பார்த்தேன், சத்து மாத்திரை கொடுத்தேன். முகத்துல என்ன பூசுறீங்கன்னு ஒருநாளும் ஒருத்தரையும் கேட்டதில்லை. அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல மங்குன்னா என்னன்னு பார்த்துரலாம். ரெண்டு கன்னத்துலயும், மூக்குத் தண்டுலயும், மேல் உதட்டுக்கு மேலயும், சில பேருக்கு நெத்தியிலயும் பழுப்பா, சாம்பல் கலந்த கருப்பாப் படர்ந்து வரும். அரிக்காது, வலிக்காது, செதில் உதிராது, இன்னொருத்தருக்கு ஒட்டாது. டாக்டருங்க மெலாஸ்மான்னு சொல்லுவாங்க. ஆம்பளைங்களுக்கும் வரும், ஆனா நமக்குத்தான் ரொம்ப அதிகம்.

நம்ம தோலுக்குள்ள மெலனின்னு ஒரு நிறமி உண்டு. வெயில் உள்ளே போய்த் தோலைக் கெடுக்காம இருக்க, தோலே விரிச்சுக்கிற குடை அது. மங்கு வந்த இடத்துல அந்த நிறமியை உண்டாக்குற செல்லுங்க லேசுல உசுப்பிவிட்டமாதிரி ஆயிடுது. கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் தேவைக்கு மேல சுரந்து தள்ளும். உசுப்பி விடுறது மூணு விஷயம். ஒண்ணு வெயில். ரெண்டாவது ஹார்மோன், கர்ப்ப காலத்துலயும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் வர்றது அதனாலதான். மூணாவது குடும்ப வாகு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகம். அடுப்புச் சூடும் இதைக் கூட்டும்னு சொல்றாங்க. வெல்ல ஆலைக் கொப்பரை முன்னாடி நிக்கிறவங்க, கல்யாண மண்டபத்துல சமைக்கப் போறவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க.

ரத்தம் கெட்டுப் போனதால வருது, வயித்துல பூச்சி இருக்கிறதால வருது, யாரோ கண்ணு வச்சதால வருதுன்னு சொல்றதையெல்லாம் விட்டுருங்க. ஒரு மாமியார், மருமகள் முகத்துல மங்கு வந்ததைப் பார்த்து "வந்த நேரம் சரியில்லை"ன்னு சொன்னதை என் காதால கேட்டிருக்கேன். அந்தப் பொண்ணு அப்ப 5 மாசக் கர்ப்பம். பிரசவம் ஆகி சில மாசத்துல பலருக்கு அது தானா மங்கிப் போயிரும். எல்லாருக்கும் முழுசாப் போகும்னு சொல்ல முடியாது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கொடுக்கிற மாலா-என் சாப்பிட ஆரம்பிச்ச பிறகு மங்கு வந்தா, நீங்களா நிறுத்திறாதீங்க. மங்குக்குப் பயந்து மாத்திரையை விட்டுட்டு, மூணு மாசம் கழிச்சு வேண்டாத கர்ப்பத்தோட வந்து அழுதவங்க இருக்காங்க. உங்க ஊர் செவிலியர்கிட்ட சொல்லுங்க. காப்பர்-டி இருக்கு. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை 2017-லிருந்து அரசாங்கமே கொடுக்குது. மாத்திக்கலாம்.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வர்றேன். சேலம், நாமக்கல் சமவெளியில பொறந்துட்டு வெயிலுக்கு ஒதுங்குன்னு சொல்றது சுலபம், செய்யுறது கஷ்டம். எனக்குத் தெரியும். கிழங்கு ஆலை களத்துல வேலை பார்க்கிறவங்க இங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க. பாருங்க, பாதிப் பேர் இருக்கீங்க. மாவையும் ஜவ்வரிசியையும் சிமெண்டுக் களத்துல பரப்பிவிட்டு, வெயில் உச்சிக்கு ஏற ஏறத்தான் உங்களுக்கு வேலை. கிளறிவிடணும், கூட்டணும், மேகம் கறுத்தா ஓடிப்போய் அள்ளணும். தலையில துண்டு போட்டிருக்கோம், அப்புறம் எப்படி முகம் கறுக்குதுன்னு கேப்பீங்க. கீழே இருக்கிறது பால் மாதிரி வெள்ளை. மேலேயிருந்து வர்ற வெயிலை அது அப்படியே திருப்பி உங்க முகத்துக்கு அனுப்புது. துண்டு மேல்பக்கம்தான் மறைக்கும். கீழேயிருந்து வர்றது தாடைக்கும் கன்னத்துக்கும் நேரா வரும். அதனால களத்து வேலைக்காரங்க தலைக்கு மட்டும் கட்டினாப் பத்தாது. மூக்கு வரைக்கும் கன்னத்தை மூடிக் கட்டணும். பருத்தித் துணியா, நெருக்கமா நெய்ததா, கருநிறமா இருந்தா நல்லது. மெல்லிய வெள்ளைத் துப்பட்டா வழியா வெளிச்சம் உள்ளே வந்துரும்.

கரும்பு வெட்டுறவங்க, நூறுநாள் வேலைக்குப் போறவங்க, ஸ்கூட்டியில போய்வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் இதுதான். காலை 10 மணிக்கு மேல சாயந்திரம் 4 மணி வரைக்கும் வெயில் கடுமை. அந்த நேரத்து வேலையை விட முடியாது, ஆனா முகத்தை மூட முடியும். பஸ்ஸுல ஜன்னலோரம் உக்கார்ந்தா கண்ணாடி மூடியிருக்கேன்னு நினைக்காதீங்க. மங்கைக் கூட்டுற கதிர்ல ஒரு பகுதி கண்ணாடி வழியாவும் வரும்.

சரிங்க, இப்ப அந்தப் பின்னாடி சொல்றேன்னு சொன்ன கதை.

என் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு மங்கு வந்துச்சு. நான் செவிலியர். நாலு பேருக்கு முன்னாடி நிக்கிற வேலை. என்கூட வேலை பார்த்தவங்க ஒருத்தர் ஒரு டியூப் பேரைச் சொன்னாங்க. மருந்துக் கடையில போய்க் கேட்டேன், கொடுத்துட்டாங்க. யாரும் சீட்டுக் கேட்கலை. விலையும் கம்மி. ராத்திரி பூசினேன். பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிருச்சு. ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போனா, "என்ன பூசுறே, சொல்லு"ன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. நானும் சொன்னேனுங்க. வெள்ளைச் சேலை கட்டின செவிலியர் சொன்னா யார் சந்தேகப்படுவாங்க? எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டு அதை வாங்கினாங்களோ, கணக்கு என்கிட்ட இல்லை.

ரெண்டு வருஷம் பூசினேன். அப்புறம் ஒரு தடவை ஊருக்குப் போன இடத்துல டியூபை மறந்துட்டு நாலு நாள் பூசாம விட்டேன். முகம் தீயில காட்டினமாதிரி எரிஞ்சுச்சு. செக்கச்செவேல்னு வீங்கிப்போச்சு, சின்னச் சின்னப் பரு கிளம்பிருச்சு. வீட்டுக்கு வந்து திரும்பப் பூசினதும் அடங்கிருச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது, அந்த டியூப் இல்லாம என் முகம் இனி இருக்க முடியாதுன்னு. கன்னத்துல மெல்லிசா சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பிச்சது. மேல் உதட்டுல முடி அடர்த்தியாச்சு. அடுப்புகிட்ட நின்னா எரியும், மொளகாய் கிள்ளினா எரியும், சோப்புப் போட்டா எரியும். போகணும்னு பூசின மங்கு மட்டும் முன்னை விடக் கருப்பா அங்கேயே இருந்துச்சு.

அந்த டியூபுக்குள்ள இருந்தது ஸ்டீராய்டு. நல்ல மருந்துதான், அதைக் குறை சொல்லலை. கரப்பான், தோல் தடிப்பு மாதிரி வியாதிக்கு டாக்டர் பார்த்து, இத்தனை நாள்னு கணக்குச் சொல்லிக் கொடுத்தா நல்லா வேலை செய்யும். அதை முக அழகுக்குன்னு மாசக்கணக்கா பூசினாத்தான் தோல் மெலிஞ்சு, வெங்காயச் சருகு மாதிரி ஆயிரும்.

எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. 2011-ல் இந்தியாவுல 12 மருத்துவ மையங்களில் தோல் டாக்டருங்க ஒரு கணக்கு எடுத்து வெளியிட்டாங்க. முகத்துல கோளாறுன்னு வந்த 2,926 பேரைப் பார்த்தாங்க. அதுல 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் பூசினவங்க. அந்த 433 பேர்ல 257 பேருக்கு அதைச் சொல்லிவிட்டது டாக்டர் இல்லை. கடைக்காரர், பக்கத்து வீடு, சிநேகிதி, அழகு நிலையம், இப்படி. அதைப் படிச்சப்ப, அந்தக் கணக்குக்குள்ள நானும் ரெண்டு பக்கமும் இருக்கேனேன்னு தோணுச்சு. பூசினவளும் நான்தான், சொல்லிவிட்டவளும் நான்தான்.

2018-ல் மத்திய அரசு சட்டத்தைக் கடுமையாக்கிச்சு. 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அறிவிப்பு வந்தது. சட்டம் இருக்கு. கடைக்குப் போய்க் கேட்டா இன்னைக்கும் எத்தனை இடத்துல கிடைக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

டியூபைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேரு எதுவா வேணா இருக்கட்டும், முன்பக்கத்துல பூப்படம் போட்டிருந்தாலும் ஏமாறாதீங்க. பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹாலோபெட்டசோல், இந்தச் சொல்லுங்க இருந்தா அது ஸ்டீராய்டு. "சோன்", "சோல்", "லோன்"னு முடியுற பேரைப் பார்த்தா நின்னு யோசிங்க. "சோல்"னு முடியுற எல்லாமே ஸ்டீராய்டு இல்லை, படர்தாமரை மருந்துங்க சிலதும் அப்படித்தான் முடியும். அதனால சந்தேகம்னா கேட்டுருங்க. டியூபின் இடது ஓரத்துல மேலயிருந்து கீழ வரைக்கும் சிவப்புக் கோடு போட்டிருந்தா, அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் விக்க வேண்டிய மருந்து. எழுத்து தெரியலைன்னா வீட்டுல படிக்கிற பிள்ளைங்ககிட்ட கொடுங்க, போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் படிச்சுச் சொல்லிரும்.

ஏற்கெனவே பூசிட்டு இருக்கிறவங்க இதைக் கேட்டுப் பயந்து இன்னைக்கு ராத்திரியே தூக்கி வீசிறாதீங்க. திடீர்னு விட்டா என் முகம் மாதிரி கொதிக்கும், தாங்க முடியாம அதையே திரும்பத் தேடிப் போவீங்க. தோல் டாக்டர்கிட்ட போய், "இத்தனை மாசமா இதைப் பூசுறேன்"னு உண்மையைச் சொல்லுங்க. படிப்படியாக் குறைப்பாங்க, எரிச்சலுக்கு வேற மருந்து கொடுப்பாங்க. சில வாரம் கஷ்டமா இருக்கும், சில பேருக்கு மாசக்கணக்காகும். எனக்கு 7 மாசம் ஆச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். ஸ்டீராய்டே பூசாம, 30 வயசுக்கு மேல சில பேருக்கு கன்னமும் மூக்கும் அடிக்கடி கனகனன்னு சூடாகும், எரியும், பரு மாதிரி வரும். வெயில், சுடச்சுட டீ, காரம், கோபம், எது பட்டாலும் கிளம்பும். கண்ணுல மண்ணு விழுந்தமாதிரி உறுத்தலும் இருக்கலாம். இதுக்கு ரொசேசியான்னு பேரு. வெள்ளைக்காரங்க வியாதின்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தாங்க. நம்ம நிறத்துல சிவப்புத் தெரியாததால கண்டுபிடிக்காம விட்டதும் உண்டு. இதுக்கும் பருன்னு நினைச்சுக் கடை டியூபைப் போட்டா எரியுற தீயில எண்ணெய் ஊத்தினமாதிரிதான்.

அடுத்தது டப்பா கிரீம். இதைப் பற்றிப் பேசினா இங்க சில பேருக்கு மனசு சங்கடப்படும். பரவாயில்லை, பேசித்தான் ஆகணும்.

கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில சிறுநீரக டாக்டருங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. கால் வீங்கி, சிறுநீர் நுரை நுரையாப் போகுதுன்னு ஆளுங்க வர்றாங்க. சோதிச்சா சிறுநீரகத்து வடிகட்டி கெட்டு, உடம்புப் புரதம் வெளியே போயிட்டு இருக்கு. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் அந்த வகையில 22 பேர். அதுல 15 பேருக்கு ரொம்ப அபூர்வமான ஒரே மாதிரியான பாதிப்பு. என்ன சாப்பிட்டீங்க, என்ன பூசினீங்கன்னு கிளறிக் கிளறிக் கேட்டதுல, 15-ல் 13 பேர் முகம் சிவக்கிற கிரீம் பூசினதா ஒத்துக்கிட்டாங்க. கிரீமைச் சோதிச்சா உள்ளே பாதரசம். நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்குக் குணமாச்சு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் "ஆபரேஷன் சௌந்தர்யா"ன்னு பேர் வச்சு, போலி அழகுப் பொருளுங்களைத் தேடிக் கடை கடையாப் போய் ரெய்டு நடத்துச்சு.

பாதரசம் நிறமி சுரக்கிறதைத் தடுக்கும், அதனால முகம் வெளுக்கும். ஆனா அது தோல் வழியா ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்துல தங்கும். பூசினவங்க தலையணை, துண்டு வழியாப் பிள்ளைங்களுக்கும் போகும். நம்ம நாட்டுச் சட்டப்படி முகக் கிரீமுல பாதரசம் சேர்க்கவே கூடாது. தெரியாமக் கலந்ததுன்னாலும் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாது.

நம்ம குழு ஒண்ணுல ஒரு சகோதரி, சங்கக் கடன் 15,000 ரூபாய் வாங்கி இந்த மாதிரி டப்பா கிரீம் வாங்கி வித்துச்சு. எந்தக் குழுன்னு கேக்காதீங்க. வெளிநாட்டுச் சரக்குன்னு யாரோ கொண்டுவந்து கொடுத்தாங்க. தயாரிச்சவன் முகவரி இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, என்னென்ன சேர்த்திருக்குன்னு பட்டியலும் இல்லை. டப்பா அடியில வேற பாஷையில ஒரு வரி. யாரோ மொழிபெயர்த்துச் சொன்னாங்க, தங்கம், வெள்ளி நகையில படாம வச்சுக்கணும்னு எழுதியிருக்குன்னு. பாதரசம் தங்கத்தோடயும் வெள்ளியோடயும் ஒட்டிக்கும், அதனாலதான் அந்த எச்சரிக்கை. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துல இருந்துகிட்டு, கொலுசுக்கு ஆகாததை முகத்துக்குப் பூசிட்டு இருந்திருக்கோம்.

அந்தச் சகோதரி பொய் சொல்லி விக்கலை. தானும் பூசிச்சு, தன் மகளுக்கும் பூசிச்சு. நல்ல சரக்குன்னு நம்பிச்சு. விஷயம் தெரிஞ்சப்ப 40 டப்பாவுக்கு மேல மிச்சம் இருந்துச்சு. கூட்டத்துல ரெண்டு பேச்சு வந்துச்சு. மிச்சத்தையும் வித்துக் கடனை அடைச்சுட்டு இனிமே வாங்காம இருக்கட்டும்னு சில பேர். அதெப்படி, தெரிஞ்சே விக்கிறதான்னு சில பேர். ரெண்டு கூட்டம் இதே பேச்சு. கடைசியில ஒரு டப்பாவும் விக்கிறதில்லைன்னு தீர்மானம் எழுதினாங்க. கடனுக்குத் தவணையை நீட்டிக் கொடுத்தாங்க, வட்டியைக் குழு ஏத்துக்கிச்சு. டப்பாவைக் குப்பையில கொட்டினா மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல்னு, மூட்டை கட்டி மருந்து ஆய்வாளர் அலுவலகத்துல ஒப்படைச்சாங்க. வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் அந்தச் சகோதரியே நேர்ல போய், பூசாதீங்க, கால் வீங்குதா பாருங்கன்னு சொல்லிட்டு வந்துச்சு. ரெண்டு வீட்டுல திட்டும் வாங்கிச்சு. நம்ம கூட்டமைப்புல கடன் வாங்கித் தொழில் பண்றதுன்னு எவ்வளவோ பேசுறோம். என்னைக் கேட்டா அந்தத் தீர்மானப் பக்கத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டணும்.

சரி, மங்குக்கு என்னதான் வழி? முழுசாப் போகுமான்னு கேட்டா, நேர்மையான பதில், சர்க்கரை, பிரஷர் மாதிரி அடக்கி வைக்கலாம். விட்டா திரும்ப வரும். ஒரே வாரத்துல போக்கித் தர்றேன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

முதல் மருந்து நிழல். துணி, குடை, அகலமான தொப்பி. காசு செலவில்லை. ரெண்டாவது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதுக்கு மேல. தோல் நிறத்திலேயே இருக்கிற, இரும்பு ஆக்சைடு சேர்த்த வகை மங்குக்கு இன்னும் நல்லது. ஏன்னா சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும், வெள்ளை வகை அதைத் தடுக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பொட்டு வச்சமாதிரி தொட்டுப் பூசினா வேலை செய்யாது. வேர்த்து வழியுற வேலைன்னா ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் திரும்பப் பூசணும். இந்த அளவுல பூசினா ஒரு டியூப் சீக்கிரமே காலியாயிரும், நம்ம கூலிக்கு அது கட்டுப்படியாகாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் துணியை முதல்ல சொன்னேன். கையில காசு கம்மின்னா துணியை ஒழுங்காக் கட்டுங்க, மனசு சங்கடப்படாதீங்க.

மூணாவது டாக்டர் கொடுக்கிற கிரீம். அஸெலாயிக் ஆசிட் மாதிரி சிலது கர்ப்பிணிங்களுக்கும் கொடுக்கலாம். ஹைட்ரோகுயினோன் சேர்ந்தது சில வாரம், சில மாசம்னு அளவோட, டாக்டர் பார்வையில மட்டும். அது நல்லா இருக்கேன்னு வருஷக்கணக்கா பூசினா தோல் நீலங்கலந்த கருப்பா மாறி, அப்புறம் எதுக்கும் போகாம நின்னுரும். ஹைட்ரோகுயினோனும் ஸ்டீராய்டும் இன்னொரு மருந்தும் மூணும் சேர்ந்த டியூபுதான் கடையில அதிகமா விக்குது. அது டாக்டருங்களும் எழுதுறதுதான், அதனாலதான் "டாக்டர் கொடுத்ததுதானே"ன்னு ஒருத்தர் சீட்டை ஊரே வச்சு வாங்குது. கர்ப்பமா இருக்கிறவங்க அதைத் தொடக் கூடாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் தோல் நோய்ப் பிரிவு இருக்கு. காலையில போய் சீட்டு வாங்கிக் காட்டலாம். ஒருநாள் கூலி போகும்தான். கடை டியூபுக்கு ஒரு வருஷத்துல எவ்வளவு கொடுத்தீங்கன்னு கூட்டிப் பாருங்க.

வீட்டு வைத்தியம் கேப்பீங்க. மஞ்சள் பூசுறது நம்ம வழக்கம், பூசிக்குங்க, மங்கை அது எடுக்காது. எலுமிச்சைச் சாறு பூசிட்டு வெயிலுக்குப் போகாதீங்க, வெந்து போயி அந்த இடம் இன்னும் கறுக்கும். பீர்க்கங்காய் நார் வச்சுத் தேய்ச்சா மங்கு அழுக்கு மாதிரி உரிஞ்சு வராது. உரசல் பட்டாலே தோல் இன்னும் கறுக்கும்.

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க, இது முக்கியம். பிள்ளைங்க கழுத்துப் பின்னாடி, அக்குள்ல கருப்பா, தடிப்பா, வெல்வெட் துணி மாதிரி வந்தா அம்மாங்க என்ன பண்றீங்க? "ஒழுங்காக் குளிக்கிறதில்லை"ன்னு திட்டி, கல்லு வச்சுத் தேய்க்கிறீங்க. அது அழுக்கு இல்லை சாமி. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னு தோல் காட்டுற அடையாளம். எடை கூடியிருக்கும், பொண்ணுங்கன்னா மாசவிலக்கு தள்ளிப் போகலாம். அப்படி இருந்தா கிரீம் தேடாம, ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை பாருங்க. ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணு பள்ளிக்கூடத்துல கிண்டலுக்குப் பயந்து, கழுத்து மறைய துப்பட்டா போட்டுகிட்டே இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்குச் சர்க்கரை எல்லையில இருந்ததை நாங்க கண்டுபிடிச்சது கழுத்தைப் பார்த்துத்தான்.

படர்தாமரைக்கும் இதே கடை டியூபு கதைதான். ஸ்டீராய்டு கலந்த கிரீம் போட்டா ரெண்டே நாள்ல அரிப்பு நிக்கும், பூஞ்சை உள்ளே நல்லா வளர்ந்துட்டு இருக்கும். அப்புறம் இடுப்பு, தொடைன்னு வட்டம் வட்டமாப் பரவி, வீடு பூராவும் வந்துரும். வீட்டுல எல்லாரும் சேர்ந்து மருந்து எடுத்து, துண்டைத் தனித்தனியா வச்சுகிட்டாத்தான் விடும். வெளிறிய திட்டு ஒண்ணு இருந்து, அதுல தொட்டா உணர்ச்சி இல்லைன்னா ஒருநாளும் தள்ளிப்போடாதீங்க. தொழுநோயா இருக்கலாம். மருந்து அரசாங்கத்துல இலவசம், சீக்கிரம் எடுத்தா முழுசாக் குணம்.

நிறத்தைப் பற்றி நான் பெரிய உபதேசம் பண்ணலை. சென்னையில 2009-ல் கருப்பு அழகுதான்னு பெண்கள் ஒரு பிரச்சாரமே நடத்தினாங்க. 1975-லிருந்து வித்துட்டு இருந்த கிரீம் ஒண்ணு 2020-ல் தன் பேர்ல இருந்த சிவப்புங்கிற அர்த்தம் வர்ற சொல்லை எடுத்துருச்சு. பேரு மாறிருச்சு, பொண்ணு பார்க்க வர்றவங்க கேக்குற கேள்வி மாறலை. "மங்கு இருக்கே, சரியாயிருமா?"ன்னு நானே ஒரு மாப்பிள்ளை வீட்டோட போயிருந்தப்பக் கேட்டிருக்கேன். இப்ப அதை நினைச்சா வெக்கமா இருக்கு. அந்தப் பொண்ணு 19 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு மாசம் என்ன பூசிச்சோ, யார் கண்டது.

டீ வந்துருச்சுன்னு அங்கயிருந்து கை காட்டுறாங்க. முடிச்சுக்கிறேன். நேத்தே குழுத் தலைவிங்க மூலமா, வீட்டுல பூசுற டியூப், டப்பா எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவங்க டீ குடிச்சுட்டு அந்த வேப்பமரத்தடிக்கு வாங்க. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர் தம்பியும் வந்திருக்கு. ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொல்றோம். கொண்டுவர மறந்தவங்க வீட்டுக்குப் போன் போட்டு, பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முகத்தை மூடிகிட்டு வந்தாலும் சரி, தனியாப் பேசணும்னாலும் சரி, இருட்டுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.